நோயின் பெயர் குறித்த வழக்கும் நோயாளியின் நலமும்

எந்த நோய்க்கு எந்த மருந்து சிறந்தது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது இயல்பு. ஆனால், ஒரு நோய் உண்மையிலேயே உண்டா, இல்லையா என்பதிலேயே மருத்துவ உலகம் இரு அணிகளாகப் பிரிந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வருவது அரிது. பன்முக ஆளுமைக் கோளாறு என்று தமிழில் வழங்கும் மனநலக் கோளாறு அத்தகைய அரிய வழக்குகளுள் ஒன்று. இவ்வழக்கு மருத்துவ மாநாடுகளோடு நின்றுவிடுவதில்லை. மனநலப் பிரிவின் வாசலில் மகளோடும் மனைவியோடும் தம்பியோடும் காத்திருக்கும் குடும்பத்தினரையும் அது வந்தடைகிறது. "இது நடிப்பா, நோயா, வேறு ஏதாவதா?" என்று அவர்கள் கேட்கும்போது ஒரு மருத்துவர் ஒரு பதிலும் மற்றொருவர் வேறொரு பதிலும் சொல்வதுண்டு. அக்குழப்பத்தின் சுமை இறுதியில் நோயாளியின் தலையிலேயே விழுகிறது.

இரு தரப்பாரும் சொல்வது என்ன, அவர்கள் மாறுபடும் இடம் எது, ஒன்றுபடும் இடம் எது, நோயாளியும் அவரைப் பேணுவோரும் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது என்ன என்பவை பற்றி என் கருத்தை இக்கட்டுரையில் முன்வைக்கிறேன்.

எதனை இப்பெயரால் குறிக்கிறோம்?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இக்கோளாற்றுக்குச் சில நிபந்தனைகளை வகுத்துள்ளது. ஒருவரிடம் ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆளுமை நிலைகள் காணப்பட வேண்டும். அன்றாட நிகழ்ச்சிகளிலோ தம்மைப் பற்றிய முக்கியச் செய்திகளிலோ, சாதாரண மறதியால் விளக்க முடியாத இடைவெளிகள் அவருடைய நினைவில் மீண்டும் மீண்டும் ஏற்பட வேண்டும். இவற்றால் அவருக்குத் துன்பமோ, படிப்பிலும் வேலையிலும் உறவிலும் இடையூறோ உண்டாகியிருக்க வேண்டும். மது, போதைப்பொருள், வலிப்பு போன்ற வேறு காரணங்கள் இதற்கு அடிப்படையாக இருத்தல் கூடாது. ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட சமய வழக்கத்தின் இயல்பான பகுதியாகவும் இது இருத்தல் கூடாது. 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ள உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப் பட்டியலும் இக்கோளாற்றைத் தனி நோயாக ஏற்றுள்ளது.

ஏட்டில் இவ்வாறு தெளிவாகத் தோன்றும் நோய், வாழ்க்கையில் மங்கலாகவே வெளிப்படும். காலையில் கடைத்தெருவுக்குப் போனவர், மாலையில் வீட்டில் அமர்ந்திருக்கும்போது இடைப்பட்ட நேரத்தில் என்ன நடந்தது என்று அறியாமல் திகைப்பார். தாம் வாங்கியதாக நினைவில்லாத பொருள் தம் பையில் இருப்பதைக் காண்பார். தம் உடலுக்கு வெளியே நின்று தம்மையே பார்ப்பதுபோல் உணர்வார். சில வேளைகளில் அவருடைய பேச்சும் கையெழுத்தும் உணவு விருப்பமும் மாறியதாக வீட்டார் கூறுவர். ஆயினும், பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வருவது இவற்றைச் சொல்வதற்காக அன்று. மனச்சோர்வு, தூக்கமின்மை, தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளுதல், தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்காகவே வருகின்றனர். நினைவு இழப்பை வெட்கத்தாலும் அச்சத்தாலும் மறைத்துக்கொள்கின்றனர்.

இரண்டு தவறான எண்ணங்களை இங்கேயே நீக்கிவிடுவது நல்லது. ஒன்று, இது மனச்சிதைவு நோய் அன்று. மனச்சிதைவு நோயில் சிந்தனை ஓட்டமும் புற உலகத்தோடான தொடர்பும் குலைகின்றன. அதற்கெனப் பயன் தெளிவான மருந்துகள் உள்ளன. இரண்டு, திரைப்படங்கள் காட்டுவது போன்ற கொலைவெறி இதன் அடையாளம் அன்று. 2005இல் வெளிவந்த 'அந்நியன்', 'சந்திரமுகி' ஆகிய இரு படங்களாலேயே இந்நோயின் பெயர் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தது. இரண்டிலும் மாறிய ஆளுமை பிறர் உயிருக்கு ஆபத்தானதாகச் சித்திரிக்கப்பட்டது. உண்மையில் ஆபத்து பெரும்பாலும் நோயாளியின் உயிருக்கே. இக்கோளாறு கண்டறியப்பட்ட புறநோயாளிகளில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் ஒரு முறையேனும் தற்கொலைக்கு முயன்றவர்கள் என்று மேற்சொன்ன அமெரிக்கக் கையேடு குறிப்பிடுகிறது. பக்கத்து வீட்டாருக்கு அஞ்சி நோயாளியைப் பூட்டிவைக்கும் குடும்பம், அஞ்ச வேண்டிய திசையை விட்டுவிட்டு வேறு திசையை நோக்கி நிற்கிறது.

வழக்கு வந்த வழி

பிரான்சு நாட்டு அறிஞர் பியேர் ஜானே 1889இல் வெளியிட்ட ஆய்வில், தாங்க முடியாத அனுபவம் நேரும்போது மனம் அதனைத் தன் பொது நினைவிலிருந்து பிரித்து வைக்கக்கூடும் என்று விளக்கினார். இப்பிரிவையே இன்று விலகல் என்கிறோம். ஜானேக்குப் பின் இக்கருத்து நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்தது. 1957இல் மூன்று ஆளுமைகள் கொண்ட ஒரு பெண்ணைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படம் வந்தது. 1973இல் 'சிபில்' என்னும் நூல் வெளியாகி, பதினாறு ஆளுமைகள் கொண்ட ஒரு பெண்ணின் கதையை அமெரிக்கா முழுவதும் பரப்பியது. 1976இல் அது தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. 1980இல் அமெரிக்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு இதனைத் தனி நோயாக ஏற்றது. 1970 வரை மருத்துவ ஏடுகளில் நன்கு பதிவான நோயாளிகள் நூற்றுக்கும் குறைவே. 1980களின் நடுப்பகுதிக்குள் அத்தொகை ஆயிரக்கணக்கில் பெருகியது.

இப்பெருக்கமே ஐயத்துக்கு வித்திட்டது. அன்றைய சிகிச்சையாளர் சிலர், நோயாளியை அறிதுயிலில் ஆழ்த்தியோ மயக்க மருந்து செலுத்தியோ மறந்துபோன குழந்தைப்பருவ நினைவுகளைத் தோண்டியெடுக்க முயன்றனர். அவ்வாறு வெளிவந்த நினைவுகளில் நம்ப முடியாதவையும் இருந்தன. சாத்தான் வழிபாட்டுக் கூட்டங்களில் தாம் வதைக்கப்பட்டதாகப் பலர் கூறினர். அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் அதிகாரி ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1992இல் எழுதிய அறிக்கை, அத்தகைய கூட்டங்களுக்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. குற்றமற்ற பெற்றோர் சிலர் நீதிமன்றம் ஏறினர். பின்னர் நோயாளிகளே தம் மருத்துவர்கள் மீது வழக்குத் தொடுத்தனர். 1997இல் சிகாகோ நகரில் நடந்த அத்தகைய வழக்கொன்று ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டில் முடிந்தது. 'சிபில்' கதையின் பெண், தமக்குப் பல ஆளுமைகள் இல்லை என்று 1958லேயே தம் மருத்துவருக்குக் கடிதம் எழுதியிருந்ததையும், அம்மருத்துவர் அதனை நோயின் தந்திரம் என்று தள்ளிவிட்டதையும் இதழாளர் டெபி நேதன் 2011இல் எழுதிய நூல் விரிவாகப் பேசியது.

1994இல் வந்த நான்காம் பதிப்பு நோயின் பெயரையே மாற்றியது. ஓர் உடலுக்குள் பல மனிதர் குடியிருக்கின்றனர் என்ற பொருள் தரும் பழைய பெயர் கைவிடப்பட்டது. ஒருவருடைய அடையாளம் ஒன்றாகத் திரளாமல் துண்டுபட்டு நிற்கிறது என்ற பொருள் தரும் பெயர் வந்தது. தமிழில் பழைய பெயரே இன்னும் வழங்குவதால், இம்மாற்றத்தின் பொருள் நம்மிடம் பலருக்கு எட்டவில்லை.

இரு தரப்பு வாதங்கள்

இந்நோய் குழந்தைப்பருவக் கொடுமையின் விளைவு என்பது ஒரு தரப்பு. அடியிலிருந்தும் பாலியல் தீங்கிலிருந்தும் ஓட வழியில்லாத குழந்தை, மனத்தால் விலகித் தப்புகிறது. விலகல் பழக்கமாகி, வளர்ந்த பின்னும் தொடர்கிறது என்பது இவர்கள் விளக்கம். ஃபிராங்க் புட்னமும் உடனுழைத்தோரும் 1986இல் நூறு நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டனர். அவர்களுள் 97 பேர் குழந்தைப்பருவத்தில் கடும் தீங்குக்கு ஆளானதாகக் கூறியிருந்தனர். சரியான பெயர் கிடைப்பதற்கு முன் சராசரியாக ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் வேறு நோய்களுக்குச் சிகிச்சை பெற்றிருந்தனர். சிமோன் ரெய்ண்டர்ஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் ஆளுமை மாறும்போது மூளையின் இரத்த ஓட்டத்திலும் இதயத் துடிப்பிலும் காணப்பட்ட மாற்றங்களை, அவ்வாறே நடிக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவர்களால் உண்டாக்க முடியவில்லை.

நோயின் வடிவம் சமூகத்திலிருந்தும் சிகிச்சை அறையிலிருந்தும் கற்றுக்கொள்ளப்படுவது என்பது மறுதரப்பு. நிக்கலஸ் ஸ்பானோஸ், ஸ்காட் லிலியன்ஃபெல்ட் முதலியோர் இதனை வலியுறுத்தினர். துன்பத்தில் இருப்பவரிடம், "உள்ளே வேறு யாரேனும் இருக்கிறார்களா?" என்று மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்டால், ஒருநாள் யாரேனும் வந்து பதில் சொல்லவே செய்வர் என்பது இவர்கள் வாதத்தின் சாரம். நினைவைப் பற்றிய எலிசபெத் லாஃப்டஸின் ஆய்வு இவர்களுக்குத் துணை நின்றது. சிறுவயதில் கடைவளாகத்தில் காணாமற்போனதாக நடவாத ஒரு நிகழ்ச்சியை உறவினர் சொன்னதாகக் கூறியபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவர் அதனை முழுமையாகவோ பகுதியாகவோ 'நினைவுகூர்ந்தனர்' என்று 1995இல் அவர் வெளியிட்டார். நெதர்லாந்தின் ரஃபேல் ஹன்ட்யன்ஸ் நடத்திய சோதனைகளில், ஓர் ஆளுமை நிலையில் கற்றது மற்றொரு நிலையில் 'தெரியாது' என்று நோயாளி கூறியபோதும், அவர் நினைவில் அது இருந்ததற்கான தடயங்கள் வெளிப்பட்டன.

இவ்விரு தரப்பையும் படிக்கும் குடும்பத்தார், ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எண்ணிவிடுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. முதல் தரப்பு, வலி எங்கிருந்து வந்தது என்பதைப் பேசுகிறது. இரண்டாம் தரப்பு, அவ்வலி ஏன் இந்த உருவத்தை எடுத்தது என்பதைப் பேசுகிறது. இரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடும். 'கற்றுக்கொண்ட வடிவம்' என்பதற்கு 'நடிப்பு' என்பது பொருளன்று. நாம் அழும் விதத்தையும் ஒப்பாரி வைக்கும் விதத்தையும் சுற்றத்தாரைப் பார்த்தே கற்றோம். அதனால் துக்கம் பொய்யாகிவிடுவதில்லை. நினைவில் தடயம் இருப்பதும் நோயாளியைப் பொய்யராக்காது. அந்நினைவு தம்முடையது என்ற உணர்வு அவருக்கு இல்லாமற்போவதே நோயாக இருக்கலாம்.

நம் மண்ணில் இதன் முகம்

நாட்டுக்கு நாடு இத்துன்பத்தின் தோற்றம் மாறுவதற்கு இந்தியாவே நல்ல சான்று. அமெரிக்காவில் நோயாளிகள் பெருகிய அதே காலத்தில், இந்திய மருத்துவர்கள் இதனை மிக அரிதாகவே கண்டனர். 1989இல் அமெரிக்க மனநல இதழொன்றில் எழுதிய இந்திய மருத்துவர்கள், நம் நாட்டில் தெய்வமோ பேயோ இறங்கியதாக வெளிப்படும் நிலையும் மேலைநாட்டுப் பன்முக ஆளுமையும் ஒத்த காரணங்களிலிருந்து பிறக்கும் இணையான கோளாறுகளாக இருக்கலாம் என்றனர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் பத்தாண்டுப் பதிவேடுகளைக் கொண்டு 2010இல் வெளியான கட்டுரை, விலகல் கோளாறுகளில் கைகால் செயலிழப்பும் வலிப்பு போன்ற தாக்கமுமே அங்கு மிகுதி என்று காட்டியது. ஐந்தாம் பதிப்புக் கையேடும், பிற சக்தி ஆட்கொண்டதாக உணரும் நிலையை இக்கோளாற்றின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது.

இங்கே ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. கோயில் கொடையில் உடுக்கும் பம்பையும் முழங்கச் சாமியாடுபவர் நோயாளி அல்லர். அவர் ஆடுவதற்கு நாளும் இடமும் உண்டு. ஊர் அதனை எதிர்பார்க்கிறது. திருநீறு பூசியதும் அவர் தம் நிலைக்குத் திரும்புகிறார். மறுநாள் வேலைக்குச் செல்கிறார். நாளும் இடமும் இன்றி, விரும்பாமல், அடிக்கடி நேர்ந்து, பின் நினைவின்றி, உடலையும் வாழ்க்கையையும் சிதைக்கும் நிலையே மருத்துவம் நாடத்தக்கது. முன்னதை நோய் என்பது நம் பண்பாட்டை அறியாமை. பின்னதை அருள் என்று விட்டுவிடுவது நோயாளியைக் கைவிடுதல்.

நம்பிக்கையின் பெயரால் கைவிடுதல் எவ்வளவு கொடிது என்பதை 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடி நமக்குக் காட்டியது. காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி, 28 பேர் உயிரிழந்தனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்துள்ளது. தர்காவுக்கு வருவோருக்கு வேண்டுதலோடு மருந்தும் கிடைக்கச் செய்யும் திட்டம் அதே ஏர்வாடியில் பின்னர் தொடங்கப்பட்டது. வழிபாட்டையும் சிகிச்சையையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை என்பதே அதன் பாடம். நேர்த்திக்கடனைச் செலுத்துங்கள், மருத்துவர் குறித்த நாளையும் தவறவிடாதீர்கள்.

இரு தரப்பும் உடன்படும் இடம்

ஆய்வேடுகளில் எதிரெதிராக நிற்பவர்கள், சிகிச்சை அறைக்குள் வந்தால் பெரும்பகுதி ஒரே சொல்லைத்தான் சொல்கின்றனர். குழந்தைப்பருவக் கொடுமையே காரணம் என்னும் தரப்பைச் சேர்ந்த பன்னாட்டுச் சங்கம் 2011இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சிகிச்சையை மூன்று கட்டங்களாகப் பிரிக்கின்றன. முதற்கட்டம், உயிர்ப் பாதுகாப்பும் அன்றாட வாழ்க்கையின் நிலைநிற்பும். இரண்டாம் கட்டம், கடந்த காலத் துயரத்தை மெல்ல மெல்லப் பேசித் தாங்கப் பழகுதல். மூன்றாம் கட்டம், துண்டுபட்ட அடையாளம் ஒருமைப்பட்டு வாழ்க்கையைத் தொடர்தல். முதற்கட்டம் உறுதிப்படாமல் இரண்டாம் கட்டத்தில் காலடி வைக்கலாகாது என்பது நெறி. நோயாளி எத்தனை பெயர்களில் பேசினாலும் அவர் ஒருவரே. அவர் செயலுக்குப் பொறுப்பும் ஒன்றே என்பதையும் அது வலியுறுத்துகிறது. மறுதரப்பார் கேட்பதும் ஏறக்குறைய இவையே: நினைவைத் தோண்டாதீர்கள், புதிய ஆளுமைகளை அழைத்து வளர்க்காதீர்கள், எதிரிலுள்ள துன்பத்துக்கு மருத்துவம் செய்யுங்கள்.

இக்கோளாற்றுக்கென்று தனி மருந்து இல்லை என்பதிலும் கருத்து வேறுபாடில்லை. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை ஆகியவற்றுக்கு மருந்துகள் உதவும். ஆகவே, மருத்துவர் எத்தரப்பைச் சேர்ந்தவராயினும், முதற்பல மாதங்களில் நோயாளிக்குத் தேவைப்படும் சிகிச்சை ஒன்றே: உயிரைக் காத்தல், தூக்கத்தைச் சீராக்குதல், மதுவை விலக்குதல், உணர்ச்சிப் பெருக்கில் நிலைதடுமாறாதிருக்கப் பழகுதல், வலிப்பு நோய் இல்லை என்பதை உறுதி செய்தல். பெயர் முடிவாகும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு எந்தத் தரப்பிலும் நியாயம் இல்லை.

"அப்படியாயின் பெயரே வேண்டாமா?" என்ற வினா எழும். பெயரால் வரும் நன்மையை நான் மறுக்கவில்லை. ஏழு ஆண்டுகள் பொருந்தாத மருந்துகளைத் தின்று உடல் பருத்துக் கை நடுங்கிய ஒருவருக்குச் சரியான பெயர் பெரும் விடுதலை. ஆனால் அவசரத்தில் தரப்பட்ட பெயரும் தீங்கு செய்யும். துன்பத்தில் இருப்பவர் தமக்குத் தரப்பட்ட பெயருக்கு ஏற்பத் தம்மை அறியாமலே வடிவெடுப்பார் என்பதை 1980களின் வரலாறு உணர்த்திவிட்டது. ஆகவே என் கருத்து இது: பெயரைப் பல சந்திப்புகளுக்குப் பின், கேள்வி வரிசை வகுத்த முறையான நேர்காணலுக்குப் பின், பிற நோய்கள் விலக்கப்பட்ட பின் சொல்ல வேண்டும். சொல்லும்போது, இது இன்றைய முடிவு. மேலும் அறிய அறிய மாறலாம் என்று சேர்த்தே சொல்ல வேண்டும். அதனை நோயாளியிடம் மறைத்தலும் ஆகாது. தம் நோயின் தன்மையையும் சிகிச்சையையும் அறியும் உரிமையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு வழங்கியுள்ளது.

பேசக் கடினமான ஒன்று

இவ்வழக்கின் அடியில், குடும்பங்கள் எதிர்கொள்ள அஞ்சும் ஒரு செய்தி இருக்கிறது. அது குழந்தைகளுக்கு இழைக்கப்படும் தீங்கு. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளில் 53 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தீங்குக்கு ஆளானதாகக் கூறினர். தீங்கு செய்தவர்களில் பலர் குழந்தை அறிந்து நம்பியவர்களே.

ஆகவே, நோயாளி ஒரு கொடுமையைப் பற்றிப் பேசும்போது, "பழையதைக் கிளறாதே, குடும்ப மானம் போகும்" என்று வாயடைப்பது பெருந்தவறு. "யார் செய்தார்? சொல், நினைத்துப் பார்" என்று துளைத்தெடுப்பதும் அதற்கு இணையான தவறே. முன்னது உண்மையைப் புதைக்கும். பின்னது இல்லாததை உருவாக்கவும் இருப்பதைக் கலைக்கவும் கூடும். கேட்க வேண்டும், தோண்டக் கூடாது. "நீ சொல்வதைக் கேட்கிறேன். உன்னைத் தனியே விடமாட்டேன்" என்பது போதுமான பதில். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அன்றே தீர்ப்பு எழுதும் கடமை குடும்பத்துக்கு இல்லை.

ஆனால், தீங்கு இப்போதும் தொடர்கிறது என்றால் நிலை வேறு. தீங்கு செய்பவரோடு ஒரே கூரையின்கீழ் வாழும்வரை எச்சிகிச்சையும் பலிக்காது. பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயது நிரம்பாதவராயின், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மருத்துவருக்கும் இதிலிருந்து விலக்கில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். வயது வந்தவராயின், எப்போது, யாரிடம் சொல்வது என்ற முடிவை அவரிடமே விட்டு உடன் நிற்க வேண்டும்.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

நோயாளி நிலை மாறும்போது அவரை எப்போதும் அழைக்கும் பெயராலேயே மென்மையாக அழையுங்கள். இன்ன கிழமை, இன்ன இடம், நான் இன்னார் என்று சொல்லுங்கள். பாதம் தரையில் ஊன்றியிருப்பதை உணரச் செய்யுங்கள். முகம் கழுவக் குளிர்ந்த நீர் கொடுங்கள். "இப்போது பேசுவது யார்?" என்று விசாரிக்காதீர்கள். உறவினருக்குக் காட்டுவதற்காக அவரை மாறச் சொல்லாதீர்கள். அந்நிலையில் கைப்பேசியில் படம் பிடித்துப் பிறருக்கு அனுப்புவது அவருடைய மானத்தைப் பறிப்பதாகும். மருத்துவர் கேட்டு, நோயாளியும் இசைந்தால் மட்டுமே பதிவு செய்யலாம். வேப்பிலையால் அடிப்பதும், மிளகாய்ப் புகை காட்டுவதும், பட்டினி போடுவதும், ஏற்கெனவே கொடுமைக்கு அஞ்சி விலகிய மனத்தை மேலும் விலகச் செய்யும்.

"நடிக்கிறாயா?" என்று கேட்காதீர்கள். அதேபோல், அந்நிலையில் நடந்த எல்லாவற்றையும் "அது நீ செய்ததில்லை" என்று ஒதுக்கியும் விடாதீர்கள். உடைந்த பாத்திரத்தை அவரோடு சேர்ந்து கூட்டிப் பெருக்குங்கள். அன்பும் பொறுப்பும் ஒருங்கே இருத்தல் வேண்டும்.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு நேரம் நினைவு தப்பியது, அதற்கு முன் என்ன நடந்தது, உறக்கம் எப்படி இருந்தது, மாத்திரை உட்கொண்டாரா என்பவற்றை எழுதுங்கள். நாக்கைக் கடித்தல், சிறுநீர் பிரிதல், கைகால் வெட்டி இழுத்தல் இருந்தால் தவறாமல் குறியுங்கள். வலிப்பு நோயை மருத்துவர் பிரித்தறிய அது உதவும். பூச்சிமருந்து, எலிமருந்து, சாணிப்பவுடர் ஆகியவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள். மாத்திரைகளை ஒருவர் பொறுப்பில் வைத்து அன்றன்றைக்குக் கொடுங்கள். சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். டெலி மனஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416, இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள். இம்முடிவுக்கு எவ்வாறு வந்தீர்கள்? வேறு எந்த நோய்களை விலக்கினீர்கள்? இம்மருந்து எந்த அறிகுறிக்கு? சிகிச்சை எக்கட்டத்தில் இருக்கிறது? இவற்றைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. நினைவுகளை மீட்பதாகக் கூறி அறிதுயிலோ மயக்க ஊசியோ பரிந்துரைக்கப்பட்டால், மற்றொரு மனநல மருத்துவரின் கருத்தையும் பெற்ற பின்பே இசையுங்கள்.

நோயாளிகளுக்கு ஒரு சொல். உங்கள் நோய்க்கு மருத்துவர்கள் இரு பெயர் சொல்வதால் உங்கள் துன்பம் பொய்யாகிவிடாது. படிப்படியான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களிடம் தம்மைக் காயப்படுத்திக்கொள்ளுதலும் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையும் குறைந்ததைப் பெத்தனி பிராண்டும் உடனுழைத்தோரும் பல நாட்டு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து எழுதியுள்ளனர். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்று அதனைக் குறை கூறுவோரும் உண்டு, அவ்வாதமும் நடக்கட்டும். அது முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நினைவு தப்பிய நேரங்களை அஞ்சாமல் சொல்லுங்கள். அறியாததை அறியேன் என்று சொல்லுங்கள். மருத்துவர் மகிழ்வதற்காக எதையும் சேர்த்துச் சொல்லாதீர்கள். அடுத்த சந்திப்புக்கு உரிய நாள் உங்கள் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அந்நாளில் உங்கள் குறிப்பேட்டோடு வந்து சேருங்கள்.